ஜிஎம்டி வாட்ச்சா, டைவ் வாட்ச்சா? வளையத்தைப் பார்த்து வாங்குங்கள்

அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை கிடைத்தது. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது என்னை வாட்ச் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சேர்த்து வைத்திருந்த காசில் பல வருஷம் கையில் கிடக்கிற மாதிரி ஒரு நல்ல வாட்ச் வாங்க ஆசை. கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி எஃகு உடம்பு. இரண்டிலும் கண்ணாடியைச் சுற்றி எண் போட்ட வளையம். “மாமா, ரெண்டும் ஒண்ணுதானே? எது அழகா இருக்கோ அதை எடுத்துக்கட்டுமா?” என்றான்.

இரண்டும் ஒன்றில்லை. அந்த வளையத்துக்கு வாட்ச் பிரியர்கள் சொல்லும் பெயர் பெசல். ஒன்றின் வளையத்தில் 10, 20, 30, 40, 50 என்று எண்கள். அது டைவ் வாட்ச், கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்காகச் செய்தது. இன்னொன்றின் வளையத்தில் 2, 4, 6 என்று ஏறி 22 வரை போகும். அது ஜிஎம்டி வாட்ச், நாடு விட்டு நாடு பறக்கிறவர்களுக்காகச் செய்தது. முதல் வளையம் “ஆரம்பித்து எத்தனை நிமிஷம் ஆச்சு?” என்பதற்குப் பதில் சொல்லும். இரண்டாவது வளையம் “அங்கே இப்போ மணி என்ன?” என்பதற்குப் பதில் சொல்லும்.

உங்கள் நாளில் இந்த இரண்டு கேள்விகளில் எது அடிக்கடி வருகிறது என்று யோசித்தாலே பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை. இந்திய நேரத்தில் வாழ்கிற நமக்கு ஜிஎம்டி வாட்ச்சில் ஓர் அரை மணி நேரச் சிக்கல் இருக்கிறது. விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டைவ் வாட்ச்

தொட்டியில் அடைத்த காற்றை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவருக்கு ஒரே ஒரு கணக்குதான் உயிர்க் கணக்கு: இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று. இறங்கும் நேரத்தில் வளையத்தில் உள்ள முக்கோணக் குறியைத் திருப்பி நிமிட முள்ளுக்கு நேராக நிறுத்துவார். அதன் பிறகு நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ அத்தனை நிமிடம் ஆயிற்று என்று பொருள். கழித்துப் பார்க்கவோ, ‘எத்தனை மணிக்கு இறங்கினோம்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளவோ வேண்டாம். பார்த்ததும் தெரிந்துவிடும்.

கடையில் அந்த வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கமாக மட்டும்தான் சுற்றும், வலப்பக்கம் அசையாது. தவறுதலாக ஒரு கிளிக் அதிகம் திருப்பிவிட்டால் முழுச் சுற்று சுற்றித்தான் பழைய இடத்துக்கு வர முடியும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் பாறையிலோ படகின் ஓரத்திலோ கை இடித்து வளையம் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நகர்ந்தால், 20 நிமிடம் ஆன இடத்தில் 25 நிமிடம் ஆனதாகக் காட்டும். மூழ்கியவர் ஐந்து நிமிடம் முன்னதாக மேலே வருவார், அவ்வளவுதான். வலப்பக்கமும் நகருமானால் 20 ஆன இடத்தில் 15 என்று காட்டும். இன்னும் காற்று இருக்கிறது என்று நம்பி அவர் கீழேயே இருந்துவிடுவார். தப்பு நடந்தாலும் ஆளைக் காப்பாற்றும் பக்கமாகவே நடக்கட்டும் என்று யோசித்த அந்த யோசனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இந்த வகை வாட்ச்சுக்கு உருவம் கொடுத்த வருஷம் 1953. பிரெஞ்சுக் கடற்படையின் போர் முக்குளிப்பாளர்களுக்குத் தேவைப்பட்ட வாட்ச்சை பிளாங்பைன் என்ற சுவிஸ் நிறுவனம் செய்தது. பெயர் ஃபிஃப்டி ஃபேதம்ஸ். நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்களே, அதே கைவிரிப்புக் கணக்குதான் ஃபேதம். ஐம்பது பாகம், அதாவது சுமார் 91 மீட்டர். ரோலக்ஸ் நிறுவனத்தின் சப்மரீனரும் அதே 1953இல் வந்தது. ஜப்பானின் சீகோ 1965இல் தன் முதல் டைவ் வாட்ச்சை 150 மீட்டர் தாங்கும்படி செய்தது. இன்று கடையில் பார்க்கிற டைவ் வாட்ச்சுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் சாயலில்தான் இருக்கின்றன.

சாயல் இருந்தால் மட்டும் டைவ் வாட்ச் ஆகிவிடாது. டைவ் வாட்ச்சுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற உலகத் தரவிதி இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தாலும் மணி தெரிய வேண்டும். வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா என்பதும் இருட்டில் தெரிய வேண்டும். அதனால்தான் நொடி முள்ளிலும் ஒளிரும் புள்ளி ஒன்று இருக்கும். நம் ஊரில் எல்லாரும் ‘ரேடியம்’ என்கிறோம். முன்பு உண்மையிலேயே ரேடியம்தான் பூசினார்கள். இப்போது பூசுவது கதிரியக்கம் இல்லாத, வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் திருப்பித் தருகிற பொருள், பயப்பட வேண்டாம். எழுதியிருக்கும் ஆழத்தைவிடக் கால் பங்கு அதிக அழுத்தத்தில், மாதிரிக்கு ஒன்று இரண்டு என்றில்லாமல் ஒவ்வொரு வாட்ச்சையும் சோதிக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு.

இந்தத் தரத்தில் தேறிய வாட்ச்சின் டயலிலோ பின்மூடியிலோ ‘டைவர்ஸ் 200எம்’ என்பது போல, எண்ணோடு ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் இருக்கும். வெறும் ‘200எம்’ என்றோ ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்றோ மட்டும் இருந்தால் அது வேறு வகை. உதாரணத்துக்கு, சீகோவின் எஸ்கேஎக்ஸ்007 பல வருஷம் விற்ற பிரபலமான டைவ் வாட்ச். அதில் ‘டைவர்ஸ் 200எம்’ என்று எழுதியிருக்கும். 2019இல் அதே உருவத்தில் சீகோ 5 வரிசையில் புதிய வாட்ச்சுகள் வந்தன. வளையம், முள், உடம்பு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இவை 100 மீட்டர்தான். ‘டைவர்ஸ்’ என்ற சொல் கிடையாது. மணியையும் தேதியையும் திருப்புகிற சாவிக் குமிழைத் திருகி மூடும் வசதியும் கிடையாது. வாட்ச் மோசம் என்று நான் சொல்லவில்லை. அது டைவ் வாட்ச் இல்லை, அவ்வளவுதான்.

மீட்டர் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘30 மீட்டர்’ என்று எழுதியிருக்கிற வாட்ச்சைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் சோதனைக்கூடத்தில் அசையாமல் வைத்துக் கொடுத்த அழுத்தத்தின் கணக்கு. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 என்றால் கொஞ்சம் தெம்பு அதிகம். நீச்சலுக்கு 100. தொட்டி கட்டிக்கொண்டு மூழ்குவதற்கு ‘டைவர்ஸ் 200’. புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு முதல் சான்றிதழில் அனுமதிக்கிற ஆழம் 18 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்தான். ஆகவே 200க்கு மேல் 300, 600 என்று போகிற வாட்ச்சுகளுக்குக் கூடுதல் காசு கொடுக்க நமக்கு ஒரு தேவையும் இல்லை. மேலும், இன்று மூழ்குகிறவர்கள் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட டைவ் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்கிறார்கள். டைவ் வாட்ச் அவர்களுக்குமே இப்போது துணைக்கு இருப்பதுதான்.

எவ்வளவு நல்ல டைவ் வாட்ச்சாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே போக ஒரு வழி இருக்கிறது: சாவிக் குமிழ். நான் இதைச் செலவு செய்துதான் தெரிந்துகொண்டேன். ராமேஸ்வரத்தில் காலையில் தேதியைச் சரிசெய்தேன். குமிழை உள்ளே தள்ளினேன், ஆனால் திருகி மூடவில்லை. அப்படியே அக்னி தீர்த்தத்தில் இறங்கிக் குளித்தேன். 200 மீட்டர் தாங்குகிற வாட்ச்சுக்குள் இடுப்பளவு ஆழத்திலேயே தண்ணீர் புகுந்துவிட்டது. மத்தியானம் கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாகப் பனி படிந்த மாதிரி இருந்தது. வெயிலில் காய்ந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து ஊரில் பழுதுபார்க்கிறவர் பின்மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்த சின்னத் திருகுகளின் தலையெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. “கடல் தண்ணி உள்ள போனா அன்னைக்கே கொண்டாந்துடணும் சார். நல்ல தண்ணின்னாகூட ஒரு நாள் பொறுக்கும், இது பொறுக்காது” என்றார். அப்போதிருந்து, கடலில் இறங்கும் முன் குமிழை ஒரு முறை விரலால் நெருடிப் பார்க்காமல் இறங்குவதில்லை.

உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகும். செல் மாற்றும்போதும் சர்வீஸ் செய்யும்போதும் அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்க் குளியலும் சோப்பும் அந்த ரப்பருக்கு ஆகாது. கடலில் குளித்துவிட்டு வந்தால் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை அலசிவிடுங்கள்.

கடலுக்கே போகாதவர்களுக்கு டைவ் வாட்ச் எதற்கு? எனக்கு அதன் வளையம் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது பயன்படுகிறது. இட்லி ஊற்றி அடுப்பில் வைத்ததும் முக்கோணத்தைத் திருப்பிவிடுவேன். வண்டியைக் கட்டண நிறுத்தத்தில் விட்டதும் திருப்புவேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துச் சாப்பாடு என்றால் அதற்கும் அதுதான். போனை எடுத்து, பூட்டைத் திறந்து, டைமரைத் தேடி வைப்பதற்குள் இங்கே வேலை முடிந்துவிடும்.

இப்போது ஜிஎம்டி

ஜிஎம்டி என்பது லண்டன் கிரீனிச்சை வைத்துக் கணக்கிடுகிற நேரம். 1950களின் நடுவில் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தின் விமானிகளுக்காக ரோலக்ஸ் செய்த ஜிஎம்டி மாஸ்டர்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. விமானிகளின் கணக்கெல்லாம் கிரீனிச் நேரத்தில். இறங்குகிற ஊரில் சாப்பிடுவதும் தூங்குவதும் அந்த ஊர் நேரத்தில். இரண்டையும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒரு முள் சேர்த்தார்கள். மணி முள் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று சுற்றும். இந்த நான்காவது முள் ஒரே ஒரு சுற்றுதான். அதனால் வளையத்தில் 24 மணிக்குமான எண்கள் இருக்கும். இரவா பகலா என்ற குழப்பமும் இதனால் தீர்கிறது. அந்த வளையத்தின் ஒரு பாதி சிவப்பு, இன்னொரு பாதி நீலம். சிவப்புப் பகலுக்கு, நீலம் இரவுக்கு. அலங்காரத்துக்கு என்று நினைத்துத்தான் பலர் அந்த நிறச் சேர்க்கையை வாங்குகிறார்கள்.

ஜிஎம்டி வாட்ச்சில் இரண்டு வகை இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: “குமிழை ஒரு கட்டு இழுத்தால் எந்த முள் குதிக்கும்?”

24 மணி முள் குதித்தால் அது ‘காலர்’ வகை. உட்கார்ந்த இடத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போன் செய்கிறவருக்கு வசதி. சென்னையில் இருந்துகொண்டு இன்று லண்டன் ஆட்களோடும் அடுத்த மாதம் நியூயார்க் ஆட்களோடும் பேசுகிறவர் அந்த ஒரு முள்ளை மட்டும் நகர்த்திக்கொண்டால் போதும். உள்ளூர் மணி கலையாது. விலை குறைந்த தானியங்கி (செல் இல்லாமல் கை அசைவிலேயே ஓடுகிற) ஜிஎம்டி வாட்ச்சுகளில் நிறைய இந்த வகைதான். 2022இல் வந்த சீகோ 5 ஜிஎம்டியும் அப்படித்தான்.

சாதாரண மணி முள் குதித்தால் அது ‘ஃப்ளையர்’ வகை. பயணிக்கு இதுதான் பொருத்தம். விமானம் இறங்கியதும் மணி முள்ளை மட்டும் முன்னேயோ பின்னேயோ மணி மணியாகக் குதிக்க வைத்து ஊர் நேரத்துக்குக் கொண்டுவரலாம். வாட்ச் நிற்காது, நொடி பிசகாது, வீட்டு நேரம் காட்டும் நான்காவது முள் தன் இடத்திலேயே இருக்கும். ரோலக்ஸும் டியூடரும் செய்வது இந்த வகை. முன்பு விலை உயர்ந்தவற்றில் மட்டும் இருந்தது; ஜப்பானின் மியோட்டா நிறுவனம் 9075 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு நடுத்தர விலை வாட்ச்சுகளிலும் வர ஆரம்பித்துவிட்டது.

சரி, இவ்வளவும் படித்தவர் “அப்போ நான் அடிக்கடி பறக்கிறவன், எனக்கு ஃப்ளையர்தான்” என்று முடிவு செய்துவிடலாம். கொஞ்சம் பொறுங்கள்.

நம் அரை மணி நேரம்

இந்திய நேரம் கிரீனிச்சிலிருந்து ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. இலங்கைக்கும் இதே நேரம்தான். சிங்கப்பூரும் மலேசியாவும் எட்டு மணி முன்னால். துபாய் நான்கு, சவூதியும் கத்தாரும் மூன்று. நம் உறவுகள் வேலைக்குப் போகிற ஊர் எல்லாம் முழு மணியில் இருக்க, நாம் மட்டும் பாதியில் நிற்கிறோம்.

இது புதிய சிக்கல் இல்லை. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் மதராஸ் வானோக்கு நிலையத்தின் நேரத்தில் ஓடின. அது கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முன்னால். 1906 ஜனவரி 1ஆம் தேதிதான் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. அந்த 21 நிமிடம் அப்படியே நீடித்திருந்தால் அநேக ஜிஎம்டி வாட்ச்சுகள் நமக்கு உதவியிருக்காது. அரை மணியை எப்படியாவது சமாளிக்கலாம்.

ஜிஎம்டி வாட்ச்சுக்கு இதில் என்ன சங்கடம் என்றால், மணி காட்டும் இரண்டு முட்களுக்கும் நிமிட முள் ஒன்றுதான். 24 மணி முள்ளுக்கென்று தனி நிமிட முள் கிடையாது. அக்கா மகனுக்குக் கடையிலேயே செய்து காட்டினேன். ஒரு காலர் வகை வாட்ச்சை எடுத்து, சிங்கப்பூர் இரவு எட்டு மணி என்று வைத்தோம். இந்தியாவில் அப்போது மாலை ஐந்தரை. குமிழை ஒரு கட்டு இழுத்து 24 மணி முள்ளைத் திருப்பினான். அது 16, 17, 18 என்று மணிக்கு மணி தாவுகிறதே தவிர, பதினேழரையில் நிற்க மறுக்கிறது. மூன்று முறை திருப்பிப் பார்த்தான். “நிக்க மாட்டேங்குது மாமா” என்றான். நிற்காது. அந்த இயந்திரம் முழு மணி வித்தியாசத்துக்காகவே செய்தது.

வழி என்ன? முள்ளை 17இல் விடுங்கள். இப்போது வளையத்தை இடப்பக்கம் அரை மணி அளவு திருப்புங்கள். வளையத்தின் பதினேழரை இப்போது முள்ளுக்கு நேராக வந்து நிற்கும். எட்டே காலுக்குப் பார்த்தால் முள் கொஞ்சம் நகர்ந்து ஐந்தே முக்காலைக் காட்டும். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் இதற்கு வளையம் சுற்ற வேண்டும், அதுவும் அரை மணி அளவில் நிற்க வேண்டும். ரோலக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2இன் வளையத்துக்கு 24 கிளிக். ஒரு கிளிக்குக்கு ஒரு மணி, நடுவில் நிற்காது. டியூடர் பிளாக் பே ஜிஎம்டியின் வளையத்துக்கு 48 கிளிக். அரை மணியில் அழகாக நிற்கும். சீகோ 5 ஜிஎம்டியின் வளையத்தில் கிளிக்கே கிடையாது, வழுக்கிக்கொண்டு சுற்றும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு விலை குறைந்த வாட்ச்தான் ஒத்துவருகிறது. 24 எண்களையும் டயலிலேயே அச்சடித்து, சுற்றாத வளையம் வைத்த ஜிஎம்டி வாட்ச்சுகளும் உண்டு. இந்திய நேரம் பார்க்க வேண்டியவர்கள் அதை வாங்கினால் தினமும் மனத்துக்குள் ஒரு அரை மணி கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு அது பழகிவிடும். எனக்குப் பழகவில்லை.

ஃப்ளையர் வகைக்கும் இதே பாடுதான். நிற்காமல் மணி முள்ளைக் குதிக்க வைக்கலாம் என்பதுதானே அதன் பெருமை? திருச்சியில் ஏறி சிங்கப்பூரில் இறங்குகிறவர் இரண்டரை மணி முன்னால் தள்ள வேண்டும். இரண்டு மணி குதிக்கும். மீதி அரை மணிக்கு குமிழை முழுக்க இழுத்து, வாட்ச்சை நிறுத்தி, நிமிட முள்ளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அப்படித் திருப்பும்போது வீட்டு நேரம் காட்டும் முள்ளும் கூடவே அரை மணி நகர்ந்துவிடும். அதிகக் காசு கொடுத்து வாங்கிய வசதியில் பாதி இந்திய எல்லையைத் தாண்டும்போதே போய்விடுகிறது.

அதனால் என் அபிப்பிராயம் இது. சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருந்துகொண்டு அங்கிருந்து ஹாங்காங், ஜகார்த்தா, லண்டன் என்று பறக்கிறவருக்கு ஃப்ளையர் ஜிஎம்டி உண்மையிலேயே அருமையான வாட்ச். இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு நேரம் பார்க்கிறவருக்கு, அரை மணியில் நிற்கிற வளையம் உள்ள காலர் போதும். ஃப்ளையருக்குக் கூடக் கொடுக்கிற காசு அவருக்கு வீண். லண்டன், டொரன்டோ மாதிரி கோடைக்கும் குளிருக்கும் மணியை மாற்றுகிற ஊர் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை முள்ளை நகர்த்த வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனோடு மட்டும் பேசுகிறவர்களுக்குக் காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது. இந்திய நேரத்தில் ஓடும் எந்த முள் வாட்ச்சையும் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பிடித்தால் மணி முள் 12இலும் நிமிட முள் 6இலும் நிற்கும்: பன்னிரண்டரை. குளிர்காலத்தில் லண்டனில் அப்போது மதியம் பன்னிரண்டரைதான். தலைகீழாகத் திருப்பும்போது மணி முள் ஆறு மணி நேரம் பின்னால் போகிறது, நிமிட முள் அரை மணி கூட்டிக் காட்டுகிறது, ஆக ஐந்தரை. நம்மைச் சங்கடப்படுத்துகிற அதே அரை மணி இங்கே நமக்குக் கை கொடுக்கிறது.

டைவ் வாட்ச்சிலேயே இரண்டாவது ஊர்

கடைக்காரருக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் இது. டைவ் வாட்ச்சின் வளையத்தில் 60 நிமிடங்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 12 பங்கு, அதாவது 12 மணி. நிமிட முள்ளை மறந்துவிட்டு மணி முள்ளை மட்டும் வளையத்தோடு சேர்த்துப் பாருங்கள். வளையத்தின் 10 என்றால் இரண்டு மணி, 20 என்றால் நான்கு, 30 என்றால் ஆறு.

முக்கோணத்தை எங்கே நிறுத்துவது? இந்தியாவில் 12 மணி அடிக்கும்போது நீங்கள் இருக்கிற ஊரில் மணி என்னவோ, அந்த இடத்தில். சிங்கப்பூரில் அப்போது இரண்டரை. ஆகவே 2க்கும் 3க்கும் நடுவில். துபாயில் பத்தரை, 10க்கும் 11க்கும் நடுவில். சவூதியிலும் கத்தாரிலும் ஒன்பதரை. 9க்கும் 10க்கும் நடுவில். இப்போது சிங்கப்பூரில் இரவு எட்டு மணிக்கு மணி முள் 8இல் நிற்கும். வளையத்தில் அதற்கு நேரே 25க்கும் 30க்கும் நடு. அதாவது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், ஐந்தரை. அரை மணியும் சேர்ந்தே வந்துவிட்டது. இரவா பகலா என்று இது சொல்லாது. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அந்தக் குழப்பம் அவ்வளவாக வருவதும் இல்லை. இப்படி வைத்திருக்கும்போது நிமிடம் எண்ண வளையத்தைப் பயன்படுத்த முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.

இரண்டும் ஒன்றில் வேண்டும் என்பவர்களுக்காக டைவ் ஜிஎம்டியும் வருகிறது. சீகோ ப்ராஸ்பெக்ஸ் வரிசையில் அப்படி ஒன்று இருக்கிறது: வெளி வளையத்தில் 60 நிமிடம், டயலின் ஓரத்தில் 24 மணி எண்கள், 200 மீட்டர். நல்ல வாட்ச். ஆனால் 24 மணி எண்கள் டயலோடு ஒட்டியவை, சுற்றாது. அரை மணியை மனத்தில்தான் கூட்ட வேண்டும்.

நேரம் மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும், அழகும் கம்பீரமும் பிறகு என்கிறவர் கேசியோவின் ஏஇ-1200 மாதிரி எண் வாட்ச்சைப் பார்க்கலாம். 48 ஊர்களின் நேரம் அதற்குள் இருக்கிறது, இந்தியாவின் ஐந்தரை உட்பட. 100 மீட்டர் தண்ணீர் தாங்கும், செல் பத்து வருஷம் வரும். இந்தக் கட்டுரையில் சொன்ன அத்தனை வாட்ச்சிலும் விலை குறைவு இதுதான், அரை மணிச் சிக்கல் துளியும் இல்லாததும் இதுதான்.

கட்டிப் பார்க்கும்போது கனத்தையும் பாருங்கள். இரண்டு வகையுமே சட்டைக் கைப்பட்டிக்குள் சுலபமாக நுழையாத தடிமன். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தோல் வார் ஒரு வருஷத்தில் நாற்றமெடுத்துவிடும். எஃகுச் சங்கிலியோ ரப்பர் வாரோ கேளுங்கள். உள்ளே நிறைய வேலை செய்கிற இயந்திரம் என்பதால் தானியங்கி ஜிஎம்டியை எல்லாப் பழுதுபார்ப்பவர்களும் தொடமாட்டார்கள். வாங்கும்போதே சர்வீஸ் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அக்கா மகன் அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தான். சிவப்பும் நீலமுமான வளையத்தின்மேல் அவனுக்குக் கண் இருந்தது எனக்குத் தெரியும். “அங்க தண்ணி, உப்பு, எண்ணெய் எல்லாத்துலயும் கைய விடணும். ஃப்ளைட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாமா” என்று அவனே சொல்லி, வெளிச்சத்தில் ஓடுகிற, ‘டைவர்ஸ் 200எம்’ என்று எழுதிய டைவ் வாட்ச்சை எடுத்தான். கடையை விட்டு வெளியே வரும்முன் வளையத்தைக் கிளிக் கிளிக்கென்று திருப்பி, முக்கோணத்தை 2க்கும் 3க்கும் நடுவில் நிறுத்தினான். கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது.